சுவருக்குப் பின்னால் கல்வாழை

கல்லூரி விடுதியில் முதல் நாள் குளித்து முடித்ததும் துடைப்பத்தைத் தேடினேன். கதவுக்குப் பின்னால் இல்லை. வாளிக்குப் பக்கத்திலும் இல்லை. ஈரத் தலையோடு வெளியே எட்டிப் பார்த்து, "துடைப்பம் எங்க இருக்கு?" என்று கேட்டேன். வரிசையில் நின்றிருந்த பெண் பல் துலக்கும் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே, "எதுக்கு?" என்றாள்.

"தண்ணியத் தள்ளணுமே."

"அது தானாப் போயிடும்."

திரும்பிப் பார்த்தேன். போய்விட்டிருந்தது.

அதுவரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் குளித்தவர்தான் தண்ணீரைத் தள்ளிவிட்டு வர வேண்டும். சாப்பிட்டவர் தட்டைக் கழுவி வைப்பது போல அது ஒரு பழக்கம். உலகமே அப்படித்தான் குளிக்கிறது என்று நினைத்திருந்தேன். அறைத்தோழிகள் ஒரு மாதம் என்னைத் 'துடைப்பம்' என்றே கூப்பிட்டார்கள். படித்ததில் பாதிக்கு மேல் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், என் அப்பா கொத்தனார். சும்மா கொத்தனார் இல்லை. கட்டுகிற இடங்களில் அவருக்கு 'ரசமட்டம்' என்று பெயர். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, அது நடுவில் நின்றால் தரை மட்டம் என்று அர்த்தம், அந்தக் கருவியின் பெயர். அப்பா கருவியை வைக்காமலே ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்து, "அந்த மூலை ஒரு நூல் எறக்கம்" என்பார். வைத்துப் பார்த்தால் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இறக்கமாகத்தான் இருக்கும். அவர் தரை போட்ட வீடுகளில் தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்கும். எங்கள் வீட்டில் மட்டும் முரண்டு பிடிக்கும். குளியலறையில் தண்ணீர் வெளியேறுகிற ஓட்டை இடது பக்கம் இருக்கிறது. தரையின் சரிவோ, வாட்டம் என்பார்கள், வலது மூலைக்கு.

முதல் விடுமுறைக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போகிறவள். கலவை கலந்து, சட்டியைத் தூக்கி, வீட்டுக்கு வந்து எங்களுக்கும் ஆக்கிப் போடுகிறவள்.

"மெதுவாப் பேசுடி" என்றாள் முதலில். அப்பா வீட்டிலேயே இல்லை. அப்படியும் மெதுவாகத்தான் பேச வேண்டுமாம்.

"நம்ம பாத்ரூம் போட்ட அன்னிக்குப் பகல் முழுக்க ஒரு டாக்டர் வீட்டுல தரை போட்டுட்டு வந்தாரு. மழை வர்ற மாதிரி மூடிக்கிச்சு. நான் வேற கலவையக் கலந்து வெச்சுட்டேன். கலந்தத எடுத்து வெச்சு மறுநாளா போட முடியும்? ரசமட்டத்த எவனோ கேட்டான்னு குடுத்துட்டு வந்திருக்காரு. கண்ணாலயே பாத்துப் போட்டுட்டாரு."

"தப்புன்னு அவருக்குத் தெரியுமா?"

"மொத வாளி ஊத்துனப்பவே தெரியும். ஒரு வார்த்த பேசல. தொடப்பத்த எடுத்துத் தள்ளிட்டு வெளிய போயிட்டாரு. அவரு தள்ளுனாரேன்னு நானும் தள்ளுனேன். அவ்ளோதான், சட்டம் போட்ட மாதிரி ஆயிடுச்சு."

எனக்கு வந்த கோபம் அப்பா மேல் இல்லை. எங்கள் வீட்டை ஒரு முறை சுற்றி வந்தால் உங்களுக்கும் வரும். முன்னறையில் மூன்று நிறத்தில் டைல்ஸ், எல்லாம் யார் யார் வீட்டிலோ மிஞ்சியது. ஜன்னல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அளவு தப்பி வந்தது. மணல் மிச்சம், பெயின்ட் மிச்சம். கடைசியில் அவருடைய கண்ணும் மிச்சம்தான். பகல் முழுக்க டாக்டர் வீட்டுத் தரைக்குச் செலவழித்துவிட்டு, அலுத்துப்போன கண்ணைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். டாக்டர் வீட்டில் தண்ணீர் தானாகப் போகிறது. நாங்கள் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

படிப்பு முடிந்து ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை கிடைத்தது. அடுத்தவர் குளியலறைகளில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போடுகிறேன். சிரிக்காதீர்கள்.

வலது மூலையில் சுவரைக் குடைந்து ஒரு ஓட்டை போட்டால் முடிந்தது. சொல்லிப் பார்த்தேன். அம்மா இரண்டு கையையும் கூப்பினாள். "தாயே, ஆபீசரே, சுவத்துல கை வெக்காத. ஓட்டை போட்டா வர்றவன் போறவன் எல்லாம் ஏன்னு கேப்பான். அவரு இருக்குற வரைக்கும் தள்ளிக்கலாம்."

தள்ளினோம். ஆனால் எவ்வளவு தள்ளினாலும் கொஞ்சம் தங்கும். அது சுவரில் ஊறி, வெளிப்பூச்சை உப்ப வைத்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு சேற்றுக்குட்டையாக நின்றது. பிள்ளை படுத்த பாய் மாதிரி ஒரு வாடை.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகக் காவலாளி கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த கல்வாழைகளைக் கடப்பாரையால் பெயர்த்து எறிந்துகொண்டிருந்தார். எலி அடைகிறதாம். கேட்டு வாங்கி, ஒரு சிமென்ட் சாக்கில் போட்டுப் பேருந்தில் கொண்டுவந்தேன். பக்கத்தில் உட்கார வந்த அம்மாள் சாக்கைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே பயணம் செய்தார்.

கல்வாழையைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. வாசனை கிடையாது. தலையில் வைத்தால் கிளம்புவதற்குள் துவண்டுவிடும். நாரில் கட்ட முடியாது. ஜாடியில் வைத்தால் சாயங்காலம் இதழெல்லாம் மேசை மேல் கிடக்கும். சாக்கடை ஓரம் தானாக வருகிற செடி என்பதால், வீட்டில் வைத்திருப்பவர்கள்கூடத் தாங்கள் வளர்ப்பதாக ஒப்புக்கொள்வதில்லை. "அது என்னவோ கெடக்கு" என்பார்கள். கிடக்கட்டும். மற்ற செடியை அழுக வைக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற செடி வேறு எது? ஒரு முறை நட்டால் போதும். பூத்து முடித்த தண்டை அடியோடு அறுத்துவிட்டால் பக்கத்தில் இரண்டு முளை வரும். கிழங்கு உள்ளே தன் பாட்டுக்குக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும்.

கிழங்குகளை முளை தெரிகிற மாதிரி துண்டு போட்டேன். அப்பாவுக்கு மனசு கஷ்டப்படக் கூடாது என்று, சேற்றில் மட்டும் நடாமல் பின்சுவர் நெடுக ஒரே வரிசையாக நட்டேன். அழகுக்கு வைத்த மாதிரி இருக்கட்டும் என்று. என் வாழ்க்கையில் நான் நாசூக்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

எதிர்வீட்டு டெய்லர் அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "ஏன்டி, இவ்ளோ படிச்சுட்டு சாக்கடைச் செடியத் தூக்கிட்டு வர்றியே? ஒரு ரோஜா கெடைக்கல?"

"கூப்ட்டேன்க்கா. உங்க வாய்க்குப் பயந்து வரமாட்டேன்னுடுச்சு."

"வாய் யாருக்குன்னு தெரு சொல்லட்டும்" என்று அவர் திரும்பிப் போனார்.

அப்பா ஒரு தடவை வந்து பார்த்தார். "இத எதுக்கு நட்ட?" என்றார்.

"பூவுக்கு."

"ம்" என்றார்.

வேலைக்குக் கிளம்பும் முன் சுருண்ட இலைகளைப் பிரித்து, உள்ளே பசை ஒட்டிப் படுத்திருக்கும் புழுவை நசுக்குவது என் காலை வேலையாயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் செடி என் தோள் உயரம் வந்துவிட்டது. சேறு காய்ந்தது. வாடை போனது. பூ வந்தபோது டெய்லர் அக்காவே, "கலரு நல்லாத்தான் இருக்கு, இந்தக் கலர்ல ஒரு பிளவுஸ் வந்தா நல்லாருக்கும்" என்றார்.

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. எல்லா இடத்திலும் அது ஒரே மாதிரி வளரவில்லை. சமையலறைக்குப் பின்னால் நட்டவை முழங்கால் உயரத்தில் காய்ந்த ஓரங்களோடு நின்றன. குளியலறையின் வலது மூலைக்குப் பின்னால் மட்டும் காடு. அது சுவர் ஈரம் தொடங்கும் இடத்தில் தொடங்கி, ஈரம் முடியும் இடத்தில் கத்தரித்தாற்போல் முடிந்தது. எந்த மூலையில் தப்பு என்று படம் போட்டுக் காட்டியது.

அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "நல்ல செடிடி கொண்டாந்த. இது உங்கப்பாவக் காட்டிக் குடுக்குது."

"யாருக்கு? பின்னாடி யார் வந்து பாக்கறா?"

வருவதற்கு ஆள் இருந்தது. அப்பா இத்தனை வருஷமும் ஒரு மேஸ்திரிக்குக் கீழேதான் வேலை செய்தார். வீடு மேஸ்திரி பெயரில் எழும்பும், தரை மட்டும் அப்பா போடுவார். தனியாக ஒரு வீட்டை எடுத்துக் கட்ட வேண்டும் என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது ஒரு நர்ஸம்மா, இரண்டு அறை வீடு ஒன்று கட்ட வேண்டும் என்று அவரிடம் நேராகவே பேசியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. கொத்தனார் அவருக்கென்று கட்டிக்கொண்ட வீட்டை முதலில் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் வேலை விட்டு வந்தபோது அப்பா பின்சுவர் பக்கம் தனியாக நின்றிருந்தார். கையில் அரிவாள்.

"இத வெட்டுனா மறுபடி வருமா, பாப்பா?"

"வரும். கிழங்கு உள்ள இருக்கும்."

"அப்ப நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வெட்டிடலாமா?"

என்னிடம் அவர் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. கடன் கேட்கிற குரல் அது. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"வெட்டுனா ஈரச் சுவரு தெரியும்ப்பா. வெட்டலைன்னா செடி தெரியும். எதக் காட்டணும்னு நீங்களே சொல்லுங்க."

ஈரச் சுவர் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. அப்பா அரிவாளைக் கீழே போட்டார்.

"உங்கம்மா சொன்னாளா?"

"ஹாஸ்டல் பாத்ரூம் சொல்லுச்சு."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"அலுத்துப்போய் வந்து போட்டீங்கப்பா. அதுல என்ன?"

"தரைக்கு அதெல்லாம் தெரியாதுடா. எப்படிப் போட்டேனோ அப்படித்தான் கெடக்கும்."

"இப்பவே மூலையில ஓட்டை போடலாம். நான் உளி புடிக்கிறேன்."

"பூச்சு காயாம பச்சையா இருக்கும். பாத்த உடனே தெரியும், நேத்து ராத்திரி மூடுன தப்புன்னு. தப்பக்கூட மன்னிப்பாங்க, மூடுனத மன்னிக்க மாட்டாங்க." உப்பிய பூச்சைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது உதிர்ந்து செடிக்குள் விழுந்தது. "இந்த வீடு கெடைக்கலைன்னா இனிமே எனக்கு யாரு குடுப்பா? வயசென்ன கொறையுதா?"

நான் அரிவாளை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன். கல்வாழையை அன்றைக்கு யாரும் வெட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் யாரும் குளிக்கவில்லை. அம்மா விடியும்போதே குளியலறைத் தரையைத் துணியால் ஒற்றி எடுத்து, காயவைத்து, வாசலில் காவல் நின்றாள். "எவளாச்சும் உள்ள கால் வெச்சீங்க, காலை ஒடச்சுடுவேன்." வீட்டில் 'எவளாச்சும்' என்று இருப்பது நான் ஒருத்திதான். அப்பா முகத்தைச் சமையலறைத் தொட்டியிலேயே கழுவிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் அழுக்கு உடம்போடு உட்கார்ந்திருந்தார்.

நர்ஸம்மா தன் கணவரோடு ஸ்கூட்டரில் வந்தார். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். எதைப் பார்த்தாலும் "நல்லாருக்கு" என்றார். நர்ஸம்மா சொல்லவில்லை. சுவரைத் தட்டிக் கேட்டார், ஜன்னலைத் திறந்து மூடினார். மூன்று நிற டைல்ஸைப் பார்த்தார். அப்பா எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே அவர்களைக் குளியலறையைத் தாண்டி வாசல் பக்கம் நடத்திக்கொண்டு போகப் பார்த்தார்.

நர்ஸம்மா நின்றுவிட்டார். "தண்ணி இருக்கா?"

அம்மா ஓடிப்போய் ஒரு டம்ளரில் கொண்டுவந்தாள்.

"குடிக்க இல்லம்மா. ஒரு வாளி."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார். வாளியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன், வேறு யார் கொடுப்பது? நர்ஸம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரை நடுத்தரையில் ஊற்றினார். அது ஒரு கணம் யோசிப்பது போல் பரவி நின்றது. பிறகு கூட்டமாகக் கிளம்பி வலது மூலைக்குப் போய்ச் சுவரில் முட்டி நின்றுகொண்டது.

அம்மாவின் கை தானாகவே கதவுக்குப் பின்னால் துடைப்பத்துக்குப் போனது. "விடு" என்றார் அப்பா.

பிறகு சொன்னார். "வாட்டம் தப்பாப் போச்சும்மா. நான் போட்டதுதான்."

"உங்க பேரே ரசமட்டம்னு சொன்னாங்களே?" என்றார் வேன்காரர், பாவம், உண்மையாகவே குழம்பி.

"அன்னிக்கு ரசமட்டத்த வேற ஒருத்தருக்குக் குடுத்திருந்தேன். நம்ம கண்ணு போதும்னு போட்டேன். போதல."

"அப்ப இந்தத் தண்ணி எங்க போவுது?" என்றார் நர்ஸம்மா.

அப்பா அவர்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நான் நாசூக்காக நட்ட வரிசை முன்னால் நின்று, கையை நீட்டிக் காட்டினார். "இந்தக் கோடியிலருந்து பாருங்க. இதெல்லாம் சவலையா நிக்குதா? இங்க மட்டும் ஆளுயரம் வந்திருக்கு பாருங்க. தண்ணி இங்கதான் வருது. என் பொண்ணு நட்டது. இன்ஜினியர். பூவுக்குன்னு சொன்னா." என்னைத் திரும்பிப் பார்த்தார். "நானும் நம்புன மாதிரி இருந்துகிட்டேன்."

எனக்கு அதற்கு மேல் வாயைக் கட்ட முடியவில்லை. "அவரு வேற எந்த வீட்லயும் தப்பாப் போட்டதில்ல. எந்த வீட்டுக்கு வேணும்னாலும் போய் வாளி வாளியா ஊத்திப் பாருங்க. பகலெல்லாம் அடுத்தவங்க வீட்டுக்குப் போட்டுட்டு, மிச்ச நேரத்துல, மிச்ச மணல்ல, மிச்சத் தெம்புல போட்டது இது. நல்ல நேரத்த எல்லாம் வாங்கிக்கிட்டு, அவரு வீட்ட வந்து பாத்து மார்க் போட்டா எப்படி?"

"பாப்பா, சும்மா இரு" என்றார் அப்பா.

"பேசட்டும்" என்றார் நர்ஸம்மா. "இதவிடச் சத்தமாக் கத்துறவங்கள தெனம் பாக்குறேன்." செடிக்குள் கையை விட்டு ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "எங்கம்மா பாத்ரூம்ல வழுக்கி இடுப்ப ஒடச்சுக்கிட்டாங்க. வாடகை வீடு. தண்ணி நின்ன எடம். படுக்கையிலதான் இருக்காங்க. கடன ஒடன வாங்கி இந்த வீட்டக் கட்டுறதே அதுக்குத்தான். வேற எது கோணலா இருந்தாலும் பாத்துக்குவேன், தண்ணி மட்டும் நிக்கக் கூடாது. இதோட நாலு கொத்தனார் வீடு பாத்துட்டேன். வாளி கேட்டா மத்த எல்லாரும் டீயக் குடுத்து உக்கார வெச்சுட்டாங்க."

"அவங்க வீட்லயும் நிக்குமோ?" என்றாள் அம்மா. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

நர்ஸம்மா சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார். "இதப் பாத்துட்டு முழு வீட்டையும் உங்ககிட்டக் குடுக்க எனக்குப் பயமாத்தான் இருக்குண்ணே. மறைக்காம சொல்றேன். மொதல்ல பாத்ரூம் மட்டும் கட்டுங்க. நான் ஒரு வாளி ஊத்திப் பாக்குறேன். சரியாப் போச்சுன்னா மீதி வீடு உங்களுக்கு. இல்லைன்னா இல்ல."

அப்பாவின் காது மடல் சிவந்தது. இத்தனை வருஷம் தரை போட்டவர். "இந்த வயசுல எனக்குப் பரீட்சையா?"

"எழுதுங்க" என்றாள் அம்மா. "வீட்ல ஒருத்தி மட்டும்தான் எழுதணுமா?"

வேன்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டு, மனைவியைப் பார்த்து நிறுத்தினார். அப்பா குனிந்து கீழே கிடந்த ஒரு காய்ந்த இலையை எடுத்து, நான்காக மடித்து, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எழுதறேன். ஆனா நானும் ஒண்ணு சொல்லுவேன்."

"சொல்லுங்க."

"தரை போடுற அன்னிக்கு வேற வேலைக்குப் போக மாட்டேன். காலைலதான் போடுவேன். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. சாயங்காலம் போடச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது."

தன் வேலைக்கு அவர் ஒரு நிபந்தனை போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நர்ஸம்மா அதை ஏதோ வேலை முறை என்று நினைத்து, "சரிண்ணே, காலைலயே போடுங்க" என்றார். அம்மா மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது நர்ஸம்மா கல்வாழையில் ஒரு கிழங்கு கேட்டார். படுத்திருக்கிற அம்மாவின் ஜன்னலுக்கு வெளியே வைக்க வேண்டுமாம். இலை பெரிதாக இருக்கிறது, பூ தூரத்திலிருந்தும் தெரிகிறது. நான் மண்வெட்டி எடுக்கப் போவதற்குள் அப்பாவே இறங்கிவிட்டார். காட்டின் நடுவில் கடப்பாரையைக் குத்தி நெம்பினார். கிழங்கு கிழங்கைப் பிடித்துக்கொண்டு, கூடை அளவுக்கு ஒரு கட்டியாக வந்தது. இஸ்திரி போட்ட சட்டை முழுக்க ஈர மண்.

வேன்காரர் ஸ்கூட்டரை உதைத்தார். நர்ஸம்மா செடியோடு கிழங்கைப் போட்ட சாக்கை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செடியின் தலை அவர் தோளுக்கு மேலே ஆடியது. வண்டி நகர்ந்ததும் அப்பா தெரு வரைக்கும் பின்னாலேயே போய்க் கத்தினார்.

"அம்மா! நாளைக்குப் புது பாத்ரூமுக்குப் பின்னாடி வெச்சாலும் சும்மா இருந்துடாதீங்க! நான் போடுற தரையில அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி கெடைக்காது! நீங்கதான் ஊத்தணும்!"